கடை மூடினால் வண்டியும் மூடுவதா?

(சுங்கை ஊடாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளரும் எழுத்தர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

சம்பளம், போனஸ், வீட்டு வசதி என்று பேசிப் பழகிய இடத்தில் இன்று மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் ஒரு சங்க விஷயமா என்று சிலர் கேட்கலாம். சங்க விஷயந்தான். பால் வெட்டும் கத்தி மழுங்கினால் கூலி குறைகிறது. மோட்டார் நின்றால் கூலியே நிற்கிறது. எனவே கத்தியைப் பற்றிப் பேச உரிமையுள்ள நமக்கு மோட்டாரைப் பற்றிப் பேசவும் உரிமையுண்டு.

முன்னாளில் லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கு நடந்தே போனோம். இன்றைய நிலை அதுவன்று. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்களில் வீடமைப்பு வந்தது. சுங்கை ஊடாங்கில் 1994ஆம் ஆண்டு முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் நடக்கிறது. நம்மில் பலர் தாமானில் குடியிருந்துகொண்டு, எஞ்சி நிற்கும் ரப்பர்க் காட்டுக்கு இருட்டோடு புறப்பட்டுப் போகிறோம். அந்த நேரத்தில் அந்தப் பாதையில் பேருந்து ஏது? கப்சாய் மோட்டார்தான் நமக்குக் கால்.

விடியுமுன் மரத்தின் பால் நாளங்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியிடுவதால் அந்த அழுத்தம் குறையும்; பால் ஓட்டமும் குறையும். ஆகவே வண்டி மக்கர் செய்து ஒரு மணி நேரம் பிந்திப் போனவர், பிந்தியது ஒரு மணி நேரந்தான் என்று ஆறுதல் கொள்ள முடியாது. வாளியிலும் அது தெரியும். வேலைக்கே போக முடியாமற் போனால் என்ன நட்டம்? 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. வாரம் ஆறு நாள் வேலைக் கணக்கில் அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. ஓர் உதிரிப் பாகத்துக்காக மூன்று நாள் வண்டி படுத்தால், பாகத்தின் விலையோடு இந்தக் கூலியையும் கூட்டிப் பாருங்கள். பள்ளிப் பிள்ளையின் புத்தகச் செலவு அதிலே அடிபட்டுப் போகும்.

இப்படிப்பட்ட நிலையில், பழகிய மோட்டார்க் கடை ஒன்று கதவை இழுத்துப் பூட்டிவிட்டால் நாம் என்ன செய்வது? இன்றைய பேச்சின் பொருள் இதுதான்.

கடை ஏன் மூடுகிறது?

நாம் சொல்லும் மோட்டார்க் கடை எது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தவுக்கே, ஒரு போர்மேன், இரண்டு பையன்கள். முன்னால் நாலு புது வண்டி, பின்னால் எண்ணெய்க் கறை படிந்த பட்டறை. எந்தக் கம்பெனியின் வண்டியானாலும் பார்ப்பார்கள். சம்பளம் போட்டதும் தருகிறோம் என்றால், சரி என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். கம்பெனிக்குச் சொந்தமில்லாத, தனி மனிதர் கைமுதல் போட்டு நடத்தும் கடை அது.

அத்தகைய கடைகளை நெருக்கும் காரணங்கள் பல. பெரிய கம்பெனிகள் விற்பனை, பழுதுபார்ப்பு, உதிரிப் பாகம் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் ‘திரீ எஸ்’ கடைகளை விரும்புகின்றன. அதற்கு அகன்ற கட்டடமும் கண்ணாடி முகப்பும் வேண்டும். பெரிய முதலும் வேண்டும். உதிரிப் பாகங்களைக் கைப்பேசியிலேயே வரவழைத்துக்கொள்ளும் பழக்கம் பெருகியதால், கடைக்காரருக்குச் சாமானில் கிடைத்த சிறு லாபமும் போயிற்று. தவுக்கேயின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். கடை வாடகையோ ஏறுகிறது.

இவற்றோடு தொழிலே மாறிவிட்டது. முன்பு கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினால் வண்டி ஓடும். இப்போது வரும் வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோலை ஊசிமூலம் செலுத்தும் ‘எஃப்.ஐ.’ முறை. எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் என்பதை ஒரு மின்மூளை தீர்மானிக்கிறது. அதில் பழுது கண்டுபிடிக்க ஸ்கேனர் கருவி தேவைப்படுகிறது. அறுபது வயதுப் போர்மேன் அந்தக் கருவியை விலை கொடுத்து வாங்கிப் பழகுவதைவிடக் கடையை மூடுவதே மேல் என்று எண்ணினால், அவரை நாம் குறை சொல்ல முடியுமா?

இது புதிய துன்பமன்று

தோழர்களே! கருவி மாறும்போது கடை மூடுவது இந்த நாட்டில் முன்பும் நடந்ததுதான். 1950ஆம் ஆண்டுகளில் மலாயாச் சாலைகளில் ஓடியவை பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ப் போன்ற இங்கிலாந்து வண்டிகள். அவற்றின் மரைகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை, ஸ்பானர்களும் அதற்கேற்றவை.

1958ஆம் ஆண்டில் ஜப்பானில் ஹோண்டா கம்பெனி ‘சூப்பர் கப்’ என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. அதே ஆண்டில் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளின் விநியோக உரிமையைப் பெற்றார். சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, மெக்கானிக்காக உழைத்து, பிறகு பேருந்துகள் வாங்கி நடத்தியவர் அவர். ‘கப்’ என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் ஒன்று சேர்ந்துதான் ‘கப்சாய்’ ஆயிற்று என்பர். அந்த வண்டிகளின் மரைகளோ மில்லிமீட்டர்க் கணக்கு. பழைய ஸ்பானர் அவற்றுக்குப் பொருந்தாது. புதுக் கருவி வாங்கிக் கற்றுக்கொண்ட பட்டறைக்கு அதனால் வேலை பெருகிற்று; பழைய கருவியை மட்டும் நம்பியிருந்த பட்டறைக்கு வேலை குறைந்தது.

இங்கிலாந்திலோ துப்பாக்கி செய்யத் தொடங்கி 1861 முதல் பெயர் பெற்றிருந்த பி.எஸ்.ஏ. கம்பெனியே 1973இல் நொடித்து, வேறு கம்பெனியோடு இணைக்கப்பட்டது. ஆளப்பிறந்த நாட்டின் வண்டி என்பதற்காக அது நிலைத்திருக்கவில்லை. ஹோண்டாவின் கப் வகை வண்டியோ 2017ஆம் ஆண்டில் 10 கோடி என்னும் எண்ணிக்கையை எட்டியது. எனவே எந்தப் பெயர்ப் பலகையும் நிரந்தரம் என்று எண்ணி நாம் உறங்கிவிடலாகாது.

திருவொற்றியூரும் மைசூரும்

பெயர்ப் பலகை இறங்கினால் வண்டிக்கு ஆயுள் முடிந்ததா? இல்லை என்பதற்கு நம் முன்னோர் நாட்டிலேயே இரண்டு சான்றுகள் இருக்கின்றன.

முதலாவது, சென்னைத் திருவொற்றியூர். இங்கிலாந்து ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1955இல் கூட்டுச் சேர்ந்து, என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. முதலில் பாகங்களை அங்கிருந்து தருவித்துப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளையும் கருவிகளையும் வாங்கி இங்கேயே பாகங்களைச் செய்யலானார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அந்த வண்டியின் உற்பத்தியே நின்றது. ஆனால் திருவொற்றியூரில் ‘புல்லட்’ தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. காரணம் என்ன? பாகம் செய்யும் அச்சும், அதைச் செய்யத் தெரிந்த கையும் உள்ளூரில் இருந்தன.

இரண்டாவது, மைசூர். அங்கே 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ‘ஐடியல் ஜாவா’ தொழிற்சாலை எழுந்தது. ஜாவா என்ற பெயரிலும் பின்னர் ‘யெஸ்டி’ என்ற பெயரிலும் வண்டிகள் வந்தன. 1996இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. தாய்க் கம்பெனியும் இல்லை. கம்பெனிக் கடையும் இல்லை. வண்டி வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? எல்லாரும் பழைய இரும்புக்காரனுக்கு விற்றுவிடவில்லை. பலர் சங்கமாகச் சேர்ந்தார்கள். எந்த ஊரில் எந்த மெக்கானிக்குக்கு இந்த இஞ்சின் தெரியும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எஞ்சிய பாகங்களைத் தேடிப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் அணி அணியாக வண்டிகளை ஓட்டி வந்து கூடினார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2018இல், வேறொரு கம்பெனி ஜாவா என்ற பெயரைத் திரும்பவும் இந்தியச் சாலைக்குக் கொண்டுவந்தது. கடை இல்லாத அந்த இருபத்திரண்டு ஆண்டும் வண்டியைக் காப்பாற்றியவர்கள் ஓட்டுநர்களும் தெருமுனை மெக்கானிக்குகளும் ஆவர்.

மூன்றாவது ஒரு செய்தியும் உண்டு. பணக்காரர் வண்டி என்றால் இந்தத் தொல்லை வராது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் கம்பெனி 2020 செப்டம்பர் மாதத்தில், இந்தியாவில் உற்பத்தியையும் நேரடி விற்பனையையும் நிறுத்துவதாக அறிவித்தது. முப்பதுக்கு மேற்பட்ட வணிகர்கள் திகைத்து நின்றார்கள். பல இலட்சம் ரூபாய் கொட்டி வண்டி வாங்கியவர்களும், இனி யார் பழுது பார்ப்பார் என்று கேட்டார்கள். அடுத்த மாதமே ஹீரோ மோட்டோகார்ப் கம்பெனி விற்பனையையும் பராமரிப்பையும் ஏற்றுக்கொள்ள ஒப்பந்தம் ஆயிற்று. அவர்கள் பெரும்புள்ளிகள், அவர்களுடைய குரல் உடனே கேட்டது. கப்சாய் ஓட்டும் நம் குரல் கேட்க வேண்டுமானால் நாம் பலராகச் சேர்ந்து பேசவேண்டும்.

எண் தெரிந்தவனுக்கு ஊரெல்லாம் கடை

இனி நம் கைவசம் உள்ள வழிகளுக்கு வருவோம்.

மோட்டாரில் இரண்டு வகைப் பாகங்கள் உண்டு. ஒன்று பொதுப் பாகம். மற்றொன்று கம்பெனியின் சொந்தப் பாகம். இந்த வேறுபாட்டை அறிந்தவர் பாதிப் பயத்தை வென்றவர் ஆவார்.

சக்கர பெயரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் 6301 என்று பொறித்திருந்தால், உள்வட்டம் 12 மில்லிமீட்டர், வெளிவட்டம் 37 மில்லிமீட்டர், கனம் 12 மில்லிமீட்டர் என்று பொருள். எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தாலும் இதுதான் அளவு. சங்கிலியும் அப்படியே. கப்சாய்களில் பெரும்பாலும் காண்பது 420 அல்லது 428. இரண்டிலும் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலந்தான். ஆனால் 428 சற்று அகலமானது, ஒன்றின் பற்சக்கரத்தில் மற்றொன்றை மாட்டலாகாது. டயரில் 70/90-17 என்றிருந்தால் அந்த எண்ணைச் சொல்லி எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம். ஸ்பார்க் பிளக்கு, விளக்கு பல்பு, பேட்டரி, எண்ணெய் எல்லாவற்றுக்கும் எண்ணோ தரக் குறியோ உண்டு. இவையெல்லாம் பொதுப் பாகங்கள். இவற்றுக்காக எந்தக் கடையையும் நாம் கெஞ்ச வேண்டியதில்லை.

மின்மூளை, சாவிப் பூட்டு, கியர்ப் பற்கள், மீட்டர், சில கேபிள்கள் போன்றவை சொந்தப் பாகங்கள். இவை அந்த மாடலுக்கே உரியவை. கடை மூடினால் திண்டாட்டம் வருவது இவற்றால்தான். எனவே வண்டி வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்த மாடல் நம் வட்டாரத்தில் எத்தனை ஓடுகிறது? ஆயிரக் கணக்கில் ஓடும் வண்டிக்குப் பாகம் செய்ய ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் முன்வருவார். ஊருக்கு ஒன்றாக ஓடும் வண்டிக்கு, அது எவ்வளவு அழகாயிருந்தாலும், பாகம் வைத்திருப்பவர் அரியவர். இப்போது வரத் தொடங்கியிருக்கும் மின்சார மோட்டாருக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். அதன் பேட்டரி அந்தக் கம்பெனிக்கு மட்டும் உரியதா, வேறு எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் தவணைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். யானை வாங்கிய பிறகு பாகனைத் தேடி அலைவதில் பயனில்லை.

அலுவலகத்தில் பணிபுரியும் சகோதரர்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. வண்டிக்கு ஒரு குறிப்பேடு போடுங்கள். வண்டி எண், இஞ்சின் எண், மாடல், பெயரிங் எண், சங்கிலி எண், டயர் அளவு, எண்ணெய்த் தரம், எண்ணெய் மாற்றிய தேதி, அப்போது மீட்டர் காட்டிய கிலோமீட்டர், மாற்றிய பாகங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதத் தெரியாத தோழருக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள். இதுவரை இந்த விவரங்கள் பழைய போர்மேனின் தலையில் இருந்தன. கடை மூடும் நாளில் அவை அவரோடு போய்விடும். குறிப்பேடு இருந்தால் மலாக்காவானாலும், மஸ்ஜித் தானாவானாலும், அலோர் காஜாவானாலும் புதுப் பட்டறைக்காரர் அரை நிமிடத்தில் நம் வண்டியின் ஜாதகத்தைப் படித்துவிடுவார்.

கடை மூடப் போகிறது என்று தெரிந்தால்

மூடும் செய்தி காதில் விழுந்தவுடன் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

முதலில், பழுது பார்க்கக் கொடுத்துள்ள வண்டியையும், கடையில் இருக்கும் நம் தாள்களையும், மாற்றுச் சாவியையும் திரும்பப் பெறுங்கள். கட்டிய பணத்துக்கெல்லாம் ரசீது கேளுங்கள்.

அடுத்து, தவணை. கடை மூடிவிட்டது, கடன் தீர்ந்தது என்று எவரும் எண்ணிவிடலாகாது. தவணை நிதிக் கம்பெனிக்குச் செல்வதானால் அது வழக்கம்போல் செல்ல வேண்டும். கடைக்காரரே தவணை வாங்கி வந்திருந்தால், இனி யாரிடம், எங்கே கட்டுவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 1967ஆம் ஆண்டின் தவணைமுறைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் எடுத்த வண்டியானால், தொடர்ந்து இரண்டு தவணை நிலுவையான பிறகு, 21 நாள் எழுத்து அறிவிப்பும் கொடுத்தால் தவிர வண்டியைப் பறிமுதல் செய்ய முடியாது. முக்கால் பங்கு கட்டியாகிவிட்டால் நீதிமன்ற உத்தரவும் வேண்டும். இதை அறியாமல் சாவியைக் கையில் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, உத்தரவாதம். கம்பெனி கொடுத்த உத்தரவாதம் கடையோடு மூடிப் போவதில்லை. உத்தரவாதப் புத்தகத்தையும் முத்திரை குத்திய பக்கங்களையும் எடுத்துக்கொண்டு, கம்பெனி ஒப்புக்கொண்ட அடுத்த கடை எது என்று கேட்டு அங்கே தொடருங்கள். உத்தரவாதக் காலம் முடிந்த வண்டியை நம்பிக்கையான எந்தப் பட்டறைக்கும் கொண்டு போகலாம்.

நான்காவது, கடை காலி செய்யும்போது சாமான்களை மலிவாக விற்பார்கள். சொந்தப் பாகங்களை வாங்கலாம். ஒரே மாடல் வைத்திருப்பவர்கள் பத்துப் பேர் சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஆனால் மலிவு என்பதற்காகப் பழைய டயரை வாங்காதீர்கள். நாம் வெட்டிய பாலிலிருந்து வந்த ரப்பருக்கும் வயதுண்டு என்பது நமக்குத் தெரியாததா? டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் கொண்ட ஓர் எண் இருக்கும். 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். நம் நாட்டில் சாலை விபத்தில் மடிவோரில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்களே. வேலைக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தால் பெர்கேசோ உதவுகிறது. ஆனால் பெர்கேசோ பணம் கொடுக்கும், காலைக் கொடுக்காது.

புதுப் பட்டறையைத் தேடும்போது, முதலிலேயே இஞ்சினைப் பிரிக்கும் பெரிய வேலையைக் கொடுக்காதீர்கள். எண்ணெய் மாற்றுதல், பிரேக் கட்டை மாற்றுதல் போன்ற சிறு வேலை கொடுத்துப் பாருங்கள். வேலைக்கு முன் விலை கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். நேர்மையான போர்மேன் அதைத் தாளில் சுற்றிக் கொடுப்பார். முகம் சுளிப்பவரிடம் மறுமுறை போக வேண்டாம். எஃப்.ஐ. வண்டி வைத்திருப்பவர்கள், ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே வண்டியை விடுங்கள். பல வண்டிகளில் இஞ்சின் விளக்கு எத்தனை முறை மின்னி நிற்கிறது என்பதே பழுதின் குறியாகும். அந்த எண்ணிக்கையைக் குறித்துச் சொன்னால் பட்டறைக்காரருக்கு வேலை எளிதாகும். நமக்கும் செலவு குறையும்.

சட்டம் நமக்குத் தரும் துணை

வண்டியை விற்றதோடு கடமை முடிந்தது என்று விற்றவர் கைகழுவ முடியுமா? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு என்ன கூறுகிறது? பயனீட்டாளருக்கு விற்ற பொருளைப் பழுது பார்க்கும் வசதியும், அதற்கு உதிரிப் பாகமும், விற்ற பின் நியாயமான காலம் வரையில் கிடைப்பதற்குத் தயாரிப்பாளரும் விற்பவரும் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கூறுகிறது. தயாரிப்பாளர் வெளிநாட்டில் இருந்து, இங்கே அவருக்குத் தொழிலகம் இல்லாவிட்டால், இறக்குமதி செய்தவர் அல்லது விநியோகம் செய்தவர் அந்த இடத்தில் நிற்கிறார். ஆகவே கடை மூடினாலும் கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

ஆனால் ஒரு வாசலும் அந்தச் சட்டத்தில் உண்டு. பழுது வசதிக்கும் பாகத்துக்கும் பொறுப்பில்லை என்று வாங்கும்போதே அறிவிக்கத் தக்க நடவடிக்கை எடுத்திருந்தால், இந்தப் பிரிவு செல்லாது. அதனால்தான் சொல்கிறோம்: கடையில் நீட்டும் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். படிக்க இயலாதவர்கள் ஓர் எழுத்தரை உடன் அழைத்துப் போங்கள்.

முறையீடு செய்யப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுச் செய்யக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. எதிர்த் தரப்பும் வழக்கறிஞரைக் கொண்டுவந்து நம்மை மிரட்ட முடியாது. 50,000 வெள்ளி வரையில் கோரலாம். மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கே பேசுவது ரசீதும் குறிப்பேடுமே. வாயால் சொன்னேன், அவர் தலையாட்டினார் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

போர்மேனும் தொழிலாளியே

தோழர்களே! கடை மூடும்போது நம் வண்டியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் நாம் சங்கத்தார் அல்லர். அந்தப் பட்டறையில் எண்ணெயில் தோய்ந்து நின்ற போர்மேனும் பையன்களும் அன்றே வேலை இழக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போன்ற தொழிலாளிகளே.

ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்குத் தொழில் மூடப்படும்போது பணிநீக்க நட்ட ஈடு உண்டு. 1980ஆம் ஆண்டின் விதிகள் இதைக் கூறுகின்றன. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம்; இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள்; ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள். பெர்கேசோவின் வேலைக் காப்புறுதியில் சந்தா கட்டியவர்கள் வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்து உதவி பெறலாம். இந்த 60 நாள் தெரியாமல் உரிமையை இழந்தவர்கள் ஆக வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த பட்டறைப் பையனிடம் இதை இன்றே சொல்லுங்கள்.

இன்னொன்று. கடை மூடினாலும் அந்தப் போர்மேனின் கை மூடிப் போகவில்லை. நம் வண்டிகளின் உட்கூறு அறிந்தவர் அவர். அவர் தம் வீட்டு முற்றத்திலோ, வேறொரு பட்டறையிலோ வேலை தொடர விரும்பினால், நாம் முப்பது நாற்பது பேர் எங்கள் வண்டிகளை உங்களிடமே கொண்டுவருகிறோம் என்று சொன்னால் போதும். அவருக்குத் தைரியம் வரும். ஸ்கேனர் வாங்க வழியில்லாமல் தயங்கும் பட்டறைக்காரரிடம், இத்தனை எஃப்.ஐ. வண்டிகள் நிச்சயம் வரும் என்று கணக்குக் காட்டினால் அவர் துணிந்து வாங்குவார். மைசூர் வண்டிக்காரர்கள் செய்தது இதுதான். திருவொற்றியூரில் நடந்ததும் இதுதான். வேலை தெரிந்த கையை ஊரை விட்டுப் போகவிடாத இடத்தில் வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும்.

நாம் செய்யவேண்டியது

ஊர் கூடினால்தான் தேர் நகரும். ஆகவே மூன்று காரியங்களை இந்த மாதத்துக்குள் செய்து முடிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு தோட்டத்திலும் எந்த மாடல் வண்டி எத்தனை இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். எழுத்தர் சகோதரர்கள் இதற்குப் பொறுப்பேற்கட்டும். இரண்டு, அந்தப் பட்டியலோடு நாலைந்து பேர் போய், தஞ்சோங் கிளிங் முதல் மஸ்ஜித் தானா வரையில் உள்ள பட்டறைகளைப் பார்த்து, எந்த மாடலுக்கு எங்கே வேலை நன்றாக நடக்கிறது, கூலி என்ன, சாமான் எத்தனை நாளில் வருகிறது என்று விசாரித்து, அதைக் கோயில் வாசலிலும் கடை முன்பும் எழுதி ஒட்ட வேண்டும். மூன்று, பத்து வண்டிக்கு ஒரு பொதுப்பெட்டி வைக்க வேண்டும். அதில் கிளட்ச் கேபிள், பிரேக் கட்டை, பிளக்கு, டியூப், ஒரு செட் ஸ்பானர் இருக்கட்டும். விடியற்காலை நாலரை மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது. அந்தப் பெட்டி திறந்திருக்கும். எடுத்தவர் சம்பள நாளில் வாங்கி வைத்துவிடட்டும்.

இதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டியதில்லை. தோட்ட நிர்வாகத்தின் தயவும் வேண்டியதில்லை. மனம் ஒன்று சேர்ந்தால் போதும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தோட்டத்துப் பட்டியலைக் கையோடு கொண்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.